'திறம்பட' என்னும் சொல்

ஆங்கிலத்தில் தம்ம நூல்களைப் பயிலும் நம் இளைஞர்கள் 'ஸ்கில்ஃபுலி' என்னும் சொல்லைக் கண்டு தயங்குகின்றனர். ஒரு வினை எவ்வாறு செய்யப்பட்டது என்பதை உணர்த்தும் வினையடை அது. தமிழில் 'திறம்பட' எனலாம். 'திறம்பட நெய்தான்' என்றால் ஐயமில்லை. 'திறம்படப் பேசினான்' என்னுமிடத்தில்தான் பலர் அதனை வெறும் நாவன்மையாகக் கொண்டு வழுவுகின்றனர்.

இச்சொல்லுக்குப் பின்னே நிற்பது குசலம் என்னும் பாளிச் சொல். அது நமக்குப் புதிதன்று. குசலம் விசாரிப்பவர் நலத்தையன்றோ விசாரிக்கின்றார்! பாளியில் அது நன்மை, திறம் ஆகிய இரண்டையும் குறிக்கும். எனவே மொழிபெயர்ப்பாளருட் சிலர் நன்மை என்றும், சிலர் திறம் என்றும் பெயர்த்தனர். நாம் திறத்தையே விரும்புகின்றோம். மேன்மை பிறப்போடு வருவதென்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. திறமோ பழகினால் எவர்க்கும் வருவது.

வருமாயினும் பழக விட்டார்களா? பம்பாய் ஆலைகளில் தறி நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. எச்சில் தீட்டென்று கூறி, கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்டோரைச் சேர்க்க மறுத்தனர். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இதனை எடுத்து வாதாடினார். கையின் திறத்தை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எனினும் திறம் மட்டுமே குசலமாகாது. பூட்டைத் திறம்படத் திறக்கும் திருடனும் உளன்! அளவுகோல் மஜ்ஜிம நிகாயத்தில், ராகுலருக்குப் பகவன் அருளிய அம்பலட்டிகா உபதேசத்தில் உள்ளது. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்க்க வேண்டும்: இது தனக்கோ, பிறர்க்கோ, இருவர்க்குமோ துன்பம் தருமா? தராது, நலமே தரும் என்று கண்டால் அது குசலம்.

1956இல் நாகபுரியில் அருளப்பெற்ற 22 உறுதிமொழிகளை ஏற்றவன் பழைய தெய்வப் படத்தை வணங்கான். ஆனால் தாயார் வைத்துள்ள படத்தை மறுநாளே தாராவித் தெருவில் வீசியெறிந்தால், உறுதிமொழி காத்தான் எனலாம். திறம்படக் காத்தான் எனல் ஆகாது. அபயகுமாரனுக்குரிய உபதேசத்தில், குழந்தையின் வாயில் அகப்பட்ட கல்லை, குருதி வரினும், இரக்கத்தால் எடுத்தே தீரவேண்டும் என்று காட்டப்படுகின்றது. உண்மையும் பயனும் உள்ள சொல்லையும் காலம் அறிந்தே உரைக்க வேண்டுமென்று அங்கேயே கூறப்படுகின்றது. ஆகவே தாயாரிடம் மௌனமும் சரியன்று. எப்போது, எவ்வாறு சொல்வது என்பதே வினா.

இதன் எதிர்ச்சொல் 'அன்ஸ்கில்ஃபுலி'. அதைப் 'பாவமாக' என்று பெயர்க்க வேண்டா. அறுந்த இழையைச் சரியாகப் பிணைக்காதவன் பாவியல்லன். மறுபடி பிணைக்கக் கற்கவேண்டியவன்.

அடுத்த பாடத்திற்கு, வீட்டிலும் வேலையிலும் தாம் செய்தவற்றை வைத்து இவ்விரு சொற்களுக்கும் மும்மூன்று வாக்கியங்கள் எழுதி வருக.