குருத்தணு: ஒரு சொல்லும் ஓர் ஈகையும்

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் பாகாயத்தைக் கடந்ததும் கணியம்பாடி வரும். இவ்வழியே பேருந்தில் செல்லும் மாணவருள் பலர், பாகாயத்திலுள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 2005ஆம் ஆண்டு முதல் குருத்தணு ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்கி வருவதை அறியார். அங்கு ஆராயப்படும் பொருளைத் தமிழ் வழியே அறிவிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள்

‘ஸ்டெம் செல்’ என்பதைத் தமிழில் தண்டணு என்றும் குருத்தணு என்றும் வழங்குவர். தண்டு என்றவுடன் முதுகுத் தண்டுவடம் நினைவுக்கு வந்து அச்சம் தோன்றக்கூடும். குருத்து என்னும் சொல்லோ பொருளை நேரே விளக்குகிறது. தென்னையின் மட்டைகள் முதிர்ந்து விழும். குருத்து புதியனவற்றை ஈன்றுகொண்டே இருக்கும். குருத்து அழியின் மரமே பட்டுப்போகும். நம் எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்களின் இயல்பும் அத்தகையதே. இரத்தச் சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். மடிவனவற்றுக்கு ஈடாக நொடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் மச்சையில் பிறக்கின்றன.

மருத்துவப் பயன்

மச்சை பழுதுற்றோருக்குப் பிறருடைய குருத்தணுக்களைச் செலுத்தும் மருத்துவத்திற்கு வழிவகுத்த டொன்னால் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். வேலூரில் இம்மருத்துவம் 1986இலேயே தொடங்கியது. அண்மைக்கால ஆய்வு இதனினும் வியப்புக்குரியது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயால் துன்புற்ற ஐவரின் குருத்தணுக்களை எடுத்து, அவர்களிடம் குறைபட்டிருந்த மரபணுவைச் சேர்த்து, அவரவர் உடலிலேயே மீண்டும் செலுத்தினர். அதன்பின் கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் நோயினாலான இரத்தக்கசிவு ஏற்படவில்லை என வேலூர் மருத்துவர்கள் 2024இல் அறிவித்தனர்.

கொடையாளர் தேவை

எல்லா நோய்க்கும் நோயாளியின் சொந்த அணுக்கள் உதவா. பலருக்குப் பிறர் கொடையே வேண்டும். உடன்பிறந்தார் ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பும் நான்கில் ஒன்றே. வீட்டில் பொருத்தம் கிட்டாதவர் முன்பின் அறியாத ஒருவரை எதிர்நோக்குகின்றனர். அத்தகையோருக்காக, கொடையளிக்க முன்வருவோரின் பெயர்களைப் பதிவு செய்யும் ‘தாத்ரி’ என்னும் அமைப்பு 2009இல் சென்னையில் தோன்றியது. பதிவின்போது கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுப்பர். பொருத்தம் அமைந்தால், சில நாள் ஊசி மருந்து செலுத்தியபின் பெரும்பாலும் கைநரம்பின் வழியே இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுப்பர். சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பர். தண்டுவடத்தை எவரும் தொடுவதில்லை. கொடுத்த அணுக்களைச் சில வாரங்களில் உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும்.

முடிவுரை

செத்தும் கொடுத்தவர் எனச் சீதக்காதி வள்ளலைத் தமிழுலகம் போற்றுகிறது. நாமோ வாழும்போதே, நமக்குக் குறைவின்றி, ஓர் உயிருக்குக் குருத்தினை ஈயலாம். வாங்குபவர் எம்மதத்தவர், எவ்வூரினர் என அந்த அணு கேட்பதில்லை. சொல்லின் பொருள் தெளிந்த மாணவர்கள் தம் இல்லங்களிலும் மஹல்லாக்களிலும் இதனை எடுத்துரைத்து அச்சம் போக்குவார்களாக. அந்நற்பணிக்கு இறைவன் அருள்புரிவானாக!