கிருமிகளைப் படிக்க ஆசைப்படும் மகள்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு வாயில் வாழும் கிருமிகளைப் பற்றிப் படிக்க ஆசை. அதற்குத் தனிப் படிப்பு உண்டா? (வாசகி, ஏலூர்)

பதில்: உண்டு அம்மா. நீட் எழுதி பி.டி.எஸ். சேர்ந்தால், இரண்டாம் ஆண்டிலேயே நுண்ணுயிரியல் பாடம் வரும். பிறகு எம்.டி.எஸ்.ஸில் வாய் நோய்க்குறியியலும் வாய் நுண்ணுயிரியலும் சேர்ந்த சிறப்புப் பிரிவை எடுக்கலாம்; மூன்று ஆண்டுகள். பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. மருத்துவ நுண்ணுயிரியல் படிப்பது இன்னொரு வழி. ஆனால் அதில் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. இதை முதலிலேயே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

வாய்க் கிருமிகள் சின்ன விஷயம் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கிறது. 1924இல் லண்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்தெடுத்தார். அதன் உறவுக் கிருமிகள் ஈறு வழியாக இரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே பழுதான இதய வால்வைத் தாக்குவதும் உண்டு.

நுண்ணுயிரியல் படித்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய வேலை அது!

2019 நிபா வைரஸ் தொற்றுக் காலத்தில், உங்கள் பக்கத்துக் களமசேரி மருத்துவக் கல்லூரியில்தான் தனிமை வார்டு இயங்கியது. இந்தத் துறைக்கு ஆட்கள் தேவை. தயங்காமல் படிக்க வையுங்கள்.