வினையைப் பிடித்துப் பின்னாலிருந்து வாருங்கள்

வேலைக்குப் போகிறவர்களுக்கும் கல்லூரி முடித்தவர்களுக்கும் பல ஆண்டுகளாக மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சொற்கள் தெரியும். பள்ளியில் காலங்களையெல்லாம் மனப்பாடம் செய்திருப்பார்கள். ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலைக் கரைத்துக் குடித்தவர்களும் உண்டு. ஆனாலும் முழு வாக்கியம் ஒன்றைப் பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்ற தயக்கமே காரணம். அதை மட்டும் தனியாக எடுத்துப் பழகினால் பேச்சு சரளமாகிறது. என் வகுப்பில் பலன் தந்த வழிகளைச் சொல்கிறேன்.

வரிசை ஏன் முக்கியம்?

'சீதா ராமனைக் கூப்பிட்டாள்' என்றாலும், 'ராமனைச் சீதா கூப்பிட்டாள்' என்றாலும் கூப்பிட்டது சீதாதான். 'ஐ' என்ற உருபு அதைக் காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'சீதா கால்டு ராமன்' என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் கூப்பிட்டவரே மாறிவிடுவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் அவை தேய்ந்தன. 'ஹீ', 'ஹிம்' போன்ற சொற்களில் அவற்றின் மிச்சத்தைப் பார்க்கிறோம். விகுதி செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று சொல் நிற்கும் இடம் செய்கிறது. மாணவர்களுக்கு இது புரிந்த பிறகே பயிற்சியைத் தொடங்குவேன்.

எழுவாய் நிற்கட்டும், மற்றவை திரும்பட்டும்

ஒரு தமிழ் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள்: நான் / நேற்று / மதுரையில் / என் தம்பிக்கு / ஒரு நீலச் சட்டை / வாங்கினேன். 'நான்' முதலில் நிற்கட்டும். அடுத்து, கடைசியில் இருக்கும் வினையைப் பிடித்துப் பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக வாருங்கள்: வாங்கினேன், ஒரு நீலச் சட்டை, என் தம்பிக்கு, மதுரையில், நேற்று. இனி ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: 'ஐ பாட் அ ப்ளூ ஷர்ட் ஃபார் மை பிரதர் இன் மதுரை எஸ்டர்டே.' வரிசை அப்படியே பொருந்துகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சீட்டுகளைத்தான் திருப்ப வேண்டும். சீட்டுக்குள் இருப்பதை அல்ல. நீலச் சட்டை ஆங்கிலத்திலும் 'ப்ளூ ஷர்ட்'தான். 'கு', 'இல்' ஆகிய உருபுகள் மட்டும் 'ஃபார்', 'இன்' என்று சொல்லுக்கு முன்னால் வந்துவிடும். அடுத்தது, தமிழில் 'வந்தேன்' என்றாலே யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில், ஏவல் வாக்கியத்தைத் தவிர, எழுவாயின் இடத்தைக் காலியாக விட முடியாது. வெயிலையும் மழையையும் பற்றிச் சொல்லும்போதுகூட 'இட்' என்று ஒன்றை அங்கே வைத்தாக வேண்டும்: 'இட் இஸ் ரெய்னிங்.' அதனால் எழுவாய்ச் சீட்டை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றுக்குப் போகச் சொல்வேன்.

நீண்ட தொடருக்கும் இது உதவும். நம் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் பதிவு மாவட்டத்தில் தொடங்கி, கிராமத்துக்கு வந்து, சர்வே எண்ணுக்கு இறங்கும். ஆங்கில முகவரி கதவு எண்ணில் தொடங்கி ஊருக்குப் போகும். பேச்சிலும் அப்படியே. 'மதுரையில் மேலமாசி வீதியில் ஒரு கடையில்' என்பது 'அட் அ ஷாப் ஆன் வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட் இன் மதுரை' ஆகிறது. 'நேற்று வந்த பையன்' என்பதும் தலைகீழாகி, பையன் முன்னால் வருகிறான்: 'த பாய் ஹூ கேம் எஸ்டர்டே.'

ஒரு நேரத்தில் ஓர் இடம்

வாக்கியம் கைவந்ததும் ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். சட்டைக்குப் பதில் புத்தகம், தம்பிக்குப் பதில் அம்மா, மதுரைக்குப் பதில் திருச்சி. மற்றவை அசையக் கூடாது. ஹெரால்ட் பால்மர் என்ற மொழியாசிரியர் 1916-இல் இத்தகைய மாற்று அட்டவணைகள் நூறைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கும் மேலான அந்த முறை இன்றும் என் வகுப்பில் வேலை செய்கிறது. வாய்விட்டுச் சொல்வது கட்டாயம். மனத்துக்குள் சொன்னால் வரிசை நாக்குக்குப் பழகாது.

கேள்வியை நான்கு படியாக

தமிழில் 'ஆ' சேர்த்தால் கேள்வி பிறந்துவிடும். ஆங்கிலத்தில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும். ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பழகுங்கள்: 'யூ ஆர் கோயிங்.' 'ஆர் யூ கோயிங்?' 'வேர் ஆர் யூ கோயிங்?' 'டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்.' நான்காவதில் 'யூ ஆர்' பழைய வரிசைக்கே திரும்புவதைப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் பலர் தடுமாறும் இடம் இதுதான். துணைவினை இல்லாத வாக்கியத்தில் 'டூ', 'டஸ்', 'டிட்' அந்த வேலையைச் செய்யும்: 'ஹீ ஒர்க்ஸ் ஹியர்' என்பது 'டஸ் ஹீ ஒர்க் ஹியர்?' ஆகும். வினையின் 'ஸ்' ஒலி துணைவினைக்குப் போய்விட்டதால் 'ஒர்க்' தனியாக நிற்கிறது.

ஆசிரியர் இல்லாமலும் திருத்திக்கொள்ளலாம்

ஆங்கிலச் செய்தித்தாளில் உங்களுக்குப் புரிகிற இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதித் தொடர் தொடராக வெட்டிக் கலைத்து வையுங்கள். மறுநாள் காலை பார்க்காமல் அடுக்குங்கள். பிறகு செய்தித்தாளோடு ஒப்பிடுங்கள். மாறிய இடம் எதுவென்று பார்த்தால் உங்களுக்கு எதில் பயிற்சி வேண்டும் என்று தெரிந்துவிடும். காலத்தைக் குறிக்கும் சொல் முதலிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

திருப்பிப்போடும் முறை தொடக்கத்துக்கு மட்டும்தான். வரிசை பழகியதும் தமிழ் வாக்கியத்தை மனத்தில் எழுதுவதை விட்டுவிடுங்கள். யார், என்ன செய்தார் என்ற இரண்டை உடனே சொல்லிவிட்டு, எதை, யாருக்கு, எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஆங்கிலம் பேசும்போது முழு வாக்கியத்தையும் முன்கூட்டியே தயாரிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு சொற்கள் சரியாக விழுந்தால் மற்றவற்றுக்கு இடம் தானாகக் கிடைக்கும். இன்று நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள்.