ஓம் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வீட்டில் கேம், கடற்கரை மின்ரயிலில் மியூசிக் பிளேயர். இரண்டுக்கும் ஒரே ஹெட்போன் போதுமா? (ஒரு வாசகர், சேலையூர்)

பதில்: தாராளமாக, பின்பக்கம் மூடிய வகையாக இருந்தால். திறந்த வகை கேமுக்கு அருமைதான். ஆனால் தாம்பரம் வண்டியில் சுண்டல்காரர் குரலும் பாட்டோடு சேர்ந்து கேட்கும், பாட்டு பக்கத்து சீட்டுக்கும் போகும்.

அடுத்தது ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை (இம்பீடன்ஸ்). பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என வந்திருக்கிறது. 250 ஓமைச் சின்ன பிளேயரில் செருகினால் முழு வால்யூமிலும் சத்தம் போதாது. 32 ஓம் வாங்குங்கள், ஒயரும் 1.6 மீட்டர்தான். 80 ஓமுக்கு 3 மீட்டர், ரயிலில் காலைச் சுற்றும்! ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம்; மடக்கலாம், ஒயரையும் கழற்றலாம்.

புளூடூத்தில் சத்தம் சற்றுப் பிந்தும். கேமுக்கு ஒயரே மேல்.

வாங்க ரிச்சி தெருவுக்குப் போனால், மூக்குக்கண்ணாடி உள்ளவர்கள் அதோடு போட்டுப் பாருங்கள். காது மெத்தையில் இடைவெளி விழுந்தால் பாஸ் குறைந்துவிடும்.