ரேஸ் குறையாத பழைய கார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிக்னலில் வண்டி நின்ற பிறகும் என்ஜின் மட்டும் ரேஸ் குறையாமல் இரைந்துகொண்டிருக்கும் உபத்திரவத்தைப் பற்றிப் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே வழங்கிவரும் அபிப்பிராயங்கள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை நெடுங்காலம் வண்டி ஓட்டியவர்களால் மிகுந்த நிச்சயத்தோடு சொல்லப்படுபவையாதலால், அவை சரிதானா என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பெட்ரோல் அதிகமாகப் போவதால்தான் ரேஸ் ஏறுகிறது என்பது அவற்றுள் முதலாவது. பெட்ரோல் என்ஜினின் வேகத்தை நிர்ணயிப்பது காற்று. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ள, மிச்சமிருக்கும் சிறு வழிகளில் எவ்வளவு காற்று உள்ளே நுழைகிறதோ அதற்குத் தக்கபடியே என்ஜின் சுழல்கிறது. பெட்ரோலோ, அம்பாசிடரிலும் பத்மினியிலும் கார்புரேட்டரின் இழுப்பாலும், 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சாரின் கணக்காலும், காற்றைப் பின்தொடர்ந்து செல்கிறது. காற்று கூடாமல் பெட்ரோல் மட்டும் மிகுந்தால் கரும்புகை வரும், வண்டி தடுமாறும், ரேஸ் ஏறாது. ஆகவே, சூடேறிய நிலையில் 750 முதல் 900 ஆர்.பி.எம். வரை நிற்கவேண்டிய என்ஜின் 1500-இல் நிற்குமானால், கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்த அதிகப்படிக் காற்று எந்த வழியாக வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேளாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகுவதே பரிகாரம் என்பது இரண்டாவது நம்பிக்கை. செலவு வைப்பதிலும் இதற்கே முதலிடம் கொடுப்பேன். வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாகவோ மேனிஃபோல்டின் இற்றுப்போன கேஸ்கெட் வழியாகவோ காற்று புகுந்துகொண்டிருக்கையில் ஸ்க்ரூவைத் தளர்த்தி த்ராட்டிலை மேலும் மூடுவது, புழக்கடைக் கதவு திறந்துகிடக்க வாசற்கதவை இறுகச் சாத்துவதற்கு ஒப்பாகும். அன்றைக்கு ரேஸ் குறைந்ததுபோலத் தோன்றினாலும், மறுநாட் காலை குளிர்ந்த என்ஜின் அணைந்து அணைந்து போகும், ஏ.சி. போட்டால் உதறும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் பாடியின் நிறுத்து ஸ்க்ரூ தொழிற்சாலையிலேயே சரிபார்த்து அமைக்கப்பட்டது. பெயின்ட் பொட்டு வைத்து அனுப்பியிருந்தால், அது தொடாதே என்பதற்கான அடையாளம்.

‘நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?’ என்று சொல்லி அதைக் கழற்றி எறியும் வழக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வெயில் 42 டிகிரி கொளுத்தினாலும், என்ஜின் தன் வேலையைச் செவ்வனே செய்ய விரும்பும் உஷ்ணம் அதைப்போல் இரு மடங்கு. தெர்மோஸ்டாட் என்னும் அந்தச் சிறு வால்வு, கூலண்ட் ஏறத்தாழ 82 டிகிரியை எட்டும்வரையில் அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, என்ஜினைச் சீக்கிரம் சூடேற்றுகிறது. அதைக் கழற்றிவிட்ட வண்டியில், மழைக்கால இரவில் நெடுஞ்சாலையில் ஓடும்போது, கூலண்ட் அந்த உஷ்ணத்தை எட்டாமலே போகலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் கண்டு, என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறதென்று முடிவுகட்டி, காற்றையும் பெட்ரோலையும் கூட்டிக்கொண்டேயிருக்கும். கூலண்ட் குறைந்து, அதன் உஷ்ணத்தை அளக்கும் சென்சாரின் நுனி வெறுமையில் நின்றாலும் இந்தத் தவறான கணக்கு நேரலாம். அந்தச் சென்சாரின் மின்தடை, 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேலும் 80 டிகிரியில் சுமார் 300 ஓமுமாக, சூடு ஏற ஏறக் குறைவது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதை அநேக வண்டிகளில் காணலாம். அந்தக் களிம்பு தடையைக் கூட்ட, கொதிக்கும் என்ஜினையும் குளிர்ந்ததென்று கம்ப்யூட்டர் நம்பிவிடுகிறது. ஸ்க்ரூவை எத்தனை சுற்றுத் திருகினாலும் இது தீராது.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 1200, 1300 என்று ரேஸ் நிற்பதை நோயென்று கருதுவோரும் உண்டு. சில நிமிஷங்களில் தானாக இறங்கினால் அது இயல்பே. ஏ.சி. போட்டதும் சற்று ஏறுவதும், பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் சிறிது நேரம் தாறுமாறாக இருப்பதும் அப்படியே. ரேஸ் கூட இருந்தால் பேட்டரிக்கு நல்லது என்பதோ பெட்ரோல் விற்பவருக்கு மட்டும் நல்லது.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் என்ஜின்மேல் பெட்ரோலைத் தெளிக்கும் உபாயத்தைச் சிலர் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் செய்யும் இந்தப் பரிசோதனையில் வண்டியே பற்றிக்கொள்ளக்கூடும். அதற்குப் பதிலாக, சூடேறிய என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடியின் வாயைத் தட்டையான கெட்டிப் பலகைத் துண்டால் மூடிப் பாருங்கள். உடனே அணைந்தால் பெரிய கசிவு இல்லை. அணையாமல் ஓடினால், மேனிஃபோல்டுக்கு வேறெங்கிருந்தோ காற்று வருகிறதென்பது பிரத்தியட்சம். பிறகு ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் மெல்ல நெரித்துப் பார்க்கலாம். எதை நெரிக்கும்போது ரேஸ் இறங்குகிறதோ அந்தப் பாதையைச் சோதியுங்கள். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் தடித்த ஹோஸை நெரித்தபோது இறங்கினால், பிரேக்கையும் அன்றே பார்த்துவிடவேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னதாக, என்ஜினை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டர் கேபிளில் சற்றே தொய்வு இருக்கிறதா, த்ராட்டிலைக் கையால் திறந்துவிட்டால் ஸ்பிரிங் அதைத் தடுமாறாமல் மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேபிள் சிக்குகிற வண்டியைச் சரிசெய்யும்வரை தெருவில் எடுக்கவேண்டாம்.