மேசை நடுவே ஒரு சிறு தோட்டம்

பூ பயிரிடும் அங்கத்தினர் பலர் மலரை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தழையை வரப்பில் எறிந்துவிடுகின்றனர். அத்தழையும் விலைபோகக் கூடியதே. விருந்து மேசையின் நடுவே வைக்கும் மலர்க் கிண்ணத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்வது இலையே, பூவன்று.

தோட்டப் பாங்கு எனப்படும் முறையில் பூக்களை உருண்டையாக நெருக்குவதில்லை. செடியில் நிற்பதுபோல் ஒன்று உயர்ந்தும் ஒன்று சாய்ந்தும் நிற்கும். இங்கிலாந்தில் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை அம்மையார் (1886–1960) கோசு இனத்து இலைகளையும் வேலியோரத்துக் கொடிகளையும் துணிந்து கையாண்டு இத்தகைய அமைப்புக்குப் பெருமை தேடித் தந்தார். நம் தோட்டத்திலும் அவற்றுக்கு ஈடானவை உண்டு.

5 அங்குல வாயுள்ள மண் சட்டி போதும். அது நீர் கசியும். ஆதலால், மேசை விரிப்பை நெய்தவர் மனம் நோகாதிருக்க, உள்ளே ஒரு குவளையை வைத்து நீர் ஊற்றுக. கோழிக்கூட்டுக் கம்பி வலையைத் தளர்வான பந்தாகச் சுருட்டிக் குவளைக்குள் அமுக்கினால் காம்புகள் அசையா. இதற்கெனக் கடையில் விற்கும் பச்சை நுரைக் கட்டி 1954இல் அமெரிக்காவில் தோன்றியது. வசதியானதுதான், ஆயினும் அது பிளாஸ்டிக் இனம். பொடிந்து மண்ணிலும் நீரிலும் கலந்து நெடுநாள் கிடக்கும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 2021 முதல் தன் காட்சிகளில் அதனை விலக்கிவிட்டது. நிலத்தை நம்பி வாழும் நமக்கு அது வேண்டாம்.

இலைகளை முந்தின நாள் மாலை, வெயில் தாழ்ந்தபின் சாய்வாக வெட்டி இரவு முழுதும் நீரில் நிறுத்துக. மாந்தளிர் கண்ணைக் கவரும்; எனினும் விரைவில் துவண்டுவிடும். முற்றிய இலையே தேர்க. முதலில் எலுமிச்சைக் கிளை, பலா இலை ஆகியவற்றால் உருவம் அமைக்க. இடையிடையே மருக்கொழுந்தின் சாம்பற் பசுமையும், தண்ணீர்விட்டான் கொடியின் மெல்லிய தழையும் (முள் கவனம்!) சேர்க. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வெற்றிலைக் கொடியைத் தொங்கவிடுக. நீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிட வேண்டும். இல்லையேல் அழுகி நாறும்.

சேலையின் உடல் நிறம் அமைந்த பின்னரே புட்டா எடுபடும் என்பதை நெசவாளர் அறிவர். இங்கும் அவ்வாறே. பச்சை நிறைந்தபின் மூன்று ரோஜா, வெவ்வேறு உயரத்தில். ஐந்தாறு செவ்வந்தி, சில வாடாமல்லி. அவ்வளவே. சம்பங்கியை மாலைக்கு விடுக. அதன் மணம் சாம்பாரின் மணத்தோடு போரிடும். அரளி நஞ்சாதலின் உணவு மேசைக்கு அறவே ஆகாது.

முழங்கையை மேசைமீது ஊன்றி முன்கையை நிமிர்த்தினால் மணிக்கட்டு எட்டும் உயரத்தைக் கிண்ணம் தாண்டலாகாது. எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டும்.

நாள்தோறும் நீர் மாற்றுக. ரோஜா தலை சாய்ந்ததும் அதனை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று செருகலாம். முற்றிய இலை அதற்குப் பின்னும் நிற்கும். அடுத்த முறை பூக்கூடையுடன் தழைக்கட்டு ஒன்றையும் கட்டி, அதற்குத் தனி விலை கேளுங்கள்.