போதைப்பொருளுக்கு இரையாகும் இளம் பருவம்

ரப்பர்க் கன்றை நட்ட மறு ஆண்டே எவரும் அதில் பால் வெட்டுவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அடிமரம் ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பெற்ற பின்னரே உளி வைக்கின்றோம். அதற்கு முன் வெட்டினால் மரத்தின் வளர்ச்சி குன்றும். ஆழமாக வெட்டினால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். தோட்டத்தில் வாழ்வோருக்கு இதனை எடுத்துரைக்கத் தேவையில்லை. மனித மூளைக்கும் இத்தகைய பருவம் உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் இன்பத்தை நாடும் பகுதி இளமையிலேயே விழித்துக்கொள்கின்றது. பின்விளைவை எண்ணித் தடுக்கும் முன்பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு முதிர்ச்சி அடைகின்றது. பதினைந்து வயதுப் பையன் எதையும் துணிந்து செய்து பார்ப்பதற்கும், நண்பர்கள் நகைப்பார்களே என்று அஞ்சுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணமாகும். அவன் பிறவியிலேயே கெட்டவன் என்பதன்று.

ஒரு பையனை எண்ணிப் பார்ப்போம். மூன்றாம் படிவத்தில் பயில்கின்றான். மாலையில் பந்து விளையாடிய பின், திடலோரத்தில் கூடும் மூத்த பையன்கள் ஒரு நாள் அவனுக்குச் சியாபு கொடுக்கின்றனர். காசு கேட்பதில்லை. சியாபு என்பது மெத்தம்பேட்டமின் எனும் இரசாயனப் பொருள். நல்ல உணவாலும், விளையாட்டாலும், பாராட்டாலும் மூளையில் ஓரளவு சுரக்கும் டோப்பமினை அது இயல்புக்கு மிஞ்சிப் பெருகச் செய்கின்றது. களைப்பும் பசியும் தோன்றுவதில்லை. இரவெல்லாம் உறக்கமும் வருவதில்லை. தேர்வுக்குப் படிக்க நல்லது என்று சொல்லிக் கொடுப்போரும் உளர்!

மீண்டும் மீண்டும் உட்கொள்ள, மூளை தன் உணர்வைக் குறைத்துக்கொள்கின்றது. அதே மயக்கத்தைப் பெற அளவைக் கூட்ட வேண்டியதாகின்றது. முன்பு மகிழ்வூட்டிய பந்தாட்டமும், தாயார் வைத்த மீன் குழம்பும் அவனுக்குச் சுவைப்பதில்லை. சில மாதங்கள் கழிந்ததும் அவன் இன்பத்திற்காக அதனைத் தேடுவதில்லை. சோர்வையும் எரிச்சலையும் போக்கிக்கொள்ளவே தேடுகின்றான். இரண்டு இரவுகள் விழித்திருக்கின்றான். பின்னர் பகலிரவாகத் தூங்குகின்றான். உடல் மெலிகின்றது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகவும், பின்தொடர்வதாகவும் ஐயுறுகின்றான். பள்ளிப்படிப்பு நின்றுவிடுகின்றது. தாயார் நிரையில் சேர்த்து வைத்த கட்டிப்பால் காணாமற்போகின்றது. அடுத்து எரிவாயுக் கலன், அதற்கடுத்துத் தங்கையின் தோடு.

இந்நிலையில் வீட்டார் செய்வது என்ன? பெரும்பாலும் மறைக்கின்றனர். லயத்தில் நான்கு பேருக்குத் தெரிந்தால் மகளுக்கு வரன் வராதே என்று அஞ்சுகின்றனர். சிலர் செய்வினை என்று எண்ணிக் கயிறு கட்டுகின்றனர். கட்டட்டும், அதில் குற்றமில்லை; ஆனால் அதனால் கழியும் மாதங்கள் திரும்பி வாரா.

வேறு சிலர் அறையில் பூட்டி வைக்கின்றனர். ஹெராயினுக்கு அடிமையான பையனாயின் இதனை மிகவும் கவனிக்க வேண்டும். கடைசியாக உட்கொண்ட எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், எலும்பெல்லாம் வலிக்கும், வாந்தியும் பேதியும் காணும். இரண்டு மூன்று நாளில் துன்பம் உச்சமடைந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணியும். தெளிந்துவிட்டான் என்று தாய் தந்தையர் கதவைத் திறக்கின்றனர். ஆனால் அந்நாள்களில் அவன் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். பழைய கூட்டாளிகளுடன் கூடிப் பழைய அளவையே உட்கொண்டால் மூச்சு அடங்கிவிடலாம். விட்டுவிட்டு மீண்டும் தொடும் வேளையே மிகுந்த ஆபத்தான வேளை என்பதைப் பலர் அறியார்.

நம் அரசாங்கம் 1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் போதைப்பொருளை நாட்டின் முதன்மை எதிரியாக அறிவித்தது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி, பிடிபட்டால்தான் சிகிச்சை என்பதில்லை; வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே முன்வந்து விண்ணப்பிக்கலாம். 1996-இல் அமைக்கப்பட்ட தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தையோ அரசாங்க மருத்துவமனையையோ அணுகலாம். ஹெராயின் பழக்கத்திற்கு மெத்தடோன் மருந்து 2005 முதல் நம் நாட்டில் வழங்கப்படுகின்றது. சியாபுவுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும், ஒழுங்கான உறக்கமும் உணவும், புதிய நட்பும், பல மாதப் பொறுமையும் தேவை. ஒரு முறை வழுக்கினான் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவரிடம் செல்லும்போது, பையன் எதனை உட்கொண்டான், எவ்வளவு காலமாக, கடைசியாக எப்போது என்னும் மூன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். தாயை மட்டும் அனுப்பிவிட்டுத் தந்தை வெளியே நிற்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பால் நிறுத்துக் கொடுத்த பின் பிற்பகலில் நேரம் இருக்கின்றது. தந்தையும் உடன் செல்லலாம்.